மண்ணுளிக்கு வறுத்த மணல்

1977 ஜூன் 5, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். என்மேல் தப்பு இருந்தாலும் அதையும் விட மாட்டேன். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளே பிலோமி டீச்சர் சொல்லிவிட்டார்: "கண்ணால கண்டதை மட்டும் எழுதணும் மோளே. ஆள் சொல்லிக் கேட்டதை எழுதினா அது கதையாக்கும்." டீச்சர் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். எங்களுக்கு சயன்ஸ் எடுக்கிறார். தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே கண்ணால் கண்டது. இன்று காலை அப்பா கடலைக்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் மழை பொய்த்தது. இந்த வருஷமும் இதுவரை தூறல் இல்லை. பாலக்காட்டில் பெய்கிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வேலந்தாவளம் வரை அது வருவதில்லை. மண் புழுதியாகப் பறந்தது. கொழுவுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுளிப் பாம்பு ஒன்று மேலே வந்தது. என் கை நீளம் இருக்கும். செங்கல் நிறம். வால் கூராக இல்லாமல் தலையைப் போலவே மொட்டையாக இருக்கிறது. அதனால்தான் இரண்டு தலை என்கிறார்கள்.

ஊரில் இதைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஆறு மாதம் ஒரு பக்கம் தலை, ஆறு மாதம் மறுபக்கம் தலை. இன்னொன்று, இது நக்கினால் வெண்குஷ்டம் வரும். இதையெல்லாம் கண்ணால் கண்டது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு முன்னால பொறந்தவீங்க எல்லாருந்தான்" என்றாள்.

அப்பா அதை அடிக்கவில்லை. "எலியத் திங்கற சீவன் அம்மிணி. அக்கட்டால உட்டுரு" என்றார். ஆறு மாதம் மட்டும் வைத்துக்கொள்கிறேன், தலை மாறுகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "ஊட்டுக்குள்ள வந்துதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் தொரத்திப்போடுவேன்."

மாட்டுச் சாளையின் மூலையில் விளிம்பு உடைந்த தாழி ஒன்று கிடந்தது. அதில் பாதிக்கு மணல் போட்டு விட்டிருக்கிறேன். மேலே முறத்தைக் கவிழ்த்துக் கல் வைத்தேன். அடையாளத்துக்காக, கமலாத்தா அக்காவின் நகப்பாலிஷை எடுத்துப் போய்த் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"அது என்ற கண்ணாலத்துக்கு வெச்சிருந்தது புள்ள. பாம்புக்கா கண்ணாலம்?"

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை, மருதாத்தாள் அத்தையின் மகன் காளிச்சாமி மச்சான். நானும் அக்காவும் ஒரே அறையில் படுக்கிறோம். நான் எழுதி முடிக்கிற வரை அவள் புரண்டு புரண்டு படுப்பாள். இப்போதும் சொல்கிறாள்: "லைட்ட அமத்து சாமி."

ஜூன் 12

மலையாளத்தில் இதற்கு இருதலைமூரி என்று பேர். டீச்சர் கிளாசில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், ராஜஸ்தான் பாலைவன மணலில் இருக்கிற அதே ஜாதிப் பாம்புதானாம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அப்படின்னா நம்ம ஊரு பாலைவனமா டீச்சர்?" என்று பாஸ்கல் கேட்டான்.

"இன்னும் ரெண்டு கொல்லம், ரெண்டு வருஷம், மழை வரலேன்னா ஒட்டகம் வாங்கலாம். உட்காரு."

எழுதி வைக்க வேண்டியது இதுதான்: பாம்புக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதற்கும். சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும், தோல் உரியும், புண் ஆறும். அதற்காக வெயிலிலும் போட்டுவிடக் கூடாது. ரொம்பச் சூடானால் ஆழத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், போக இடமில்லாவிட்டால் செத்துவிடும். ஈரமும் ஆகாது. இந்த ஜாதி காய்ந்த மண்ணுக்கென்றே பிறந்தது.

நாங்கள் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம். இது ஒன்று மட்டும் திட்டாது.

ஜூலை 3

காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. கணவாய் வழியாக வருகிற காற்று சாளைக் கூரையைப் பிய்க்கிறது. மழைதான் இல்லை. பாம்பு தாழியின் அடியிலேயே கிடக்கிறது. கையை விட்டுப் பார்த்தால் அங்கே மட்டும் மணல் கொஞ்சம் குளிர்ச்சி.

காளிச்சாமி மச்சான் சைக்கிளில் வந்தார். பம்பு செட்டு மோட்டாரைப் பார்க்க வந்தாராம். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. தாழியை எட்டிப் பார்த்து, "ஏனுங்க டாக்டரம்மா, இதுக்கு எந்தப் பக்கமுங்க சோறு போடுவீங்க?" என்றார்.

"பொட்டு வெச்ச பக்கம்."

"அப்பப் பொட்டு வெச்ச பக்கம் பொண்ணு. மறுபக்கம் மாப்பிள்ளையா? பாவம், அவனுக்குச் சோறில்லையாக்கும்."

அடுக்களையில் அக்கா சிரித்தது கேட்டது. அதைக் கேட்கத்தான் அவர் சத்தமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். (நினைக்கிறேன் என்பது கண்டது ஆகாது. ஆனாலும் எழுதிவிட்டேன்.) போகும்போது என்னைக் கேரியரில் உட்கார வைத்து செக்போஸ்ட் வரை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து விட்டார்.

சாப்பிடும்போது அம்மா, மழை வருமா என்று கேட்டாள். "வரும் வரும்" என்றார் அப்பா. அக்கா என் காதில் சொன்னாள்: "அப்பா ஒரே சொல்ல ரெண்டு தடவ சொன்னா நம்பாதே. அது நமக்காவச் சொல்றது."

ஜூலை 17

பாம்பின் கண் வெளுத்துவிட்டது. பால் விட்ட மாதிரி இருக்கிறது. குருடாகிவிட்டதா? நான் எலிக்கு வைத்த பொறியில் ஏதாவது மருந்து ஒட்டியிருந்ததா? காலையிலிருந்து சாப்பிடவில்லை. (நானும்.)

ஜூலை 22

குருடு இல்லை! தோல் உரித்திருக்கிறது. உரிப்பதற்கு முன்னால் கண் அப்படித்தான் ஆகுமாம், டீச்சர் சொன்னார். புதுத் தோல் எண்ணெய் பூசினது போல இருக்கிறது. ஆனால் பொட்டும் பழைய தோலோடு போய்விட்டது. இப்போது எது தலை என்று எப்படிச் சொல்வேன் என்று அக்கா கேலி செய்தாள். கண் இருக்கிற பக்கம்தானே தலை என்றேன். "அப்பப் பொட்டு எதுக்குடி வெச்சே?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா வந்து திட்டினாள். மறுபடி பொட்டு வைத்தேன். பாட்டிலில் பாதிதான் மிச்சம்.

ஆகஸ்ட் 15

பள்ளியில் மிட்டாய். மழை இல்லை. பாம்பு ஒரு எலி தின்றது.

அக்டோபர் 23

நேற்று மாலையிலிருந்து மழை. இப்படிப் புழுங்கினால் மழை வரும் என்று அப்பா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அக்காவுக்கு வலது மணிக்கட்டில் நாலணா அளவுக்குத் தேமல், வளையலுக்கு அடியில். இரண்டு பேரும் முற்றத்தில் இறங்கி நனைந்தோம். அம்மாவும் கையை நீட்டி நனைத்துக்கொண்டாள்.

நவம்பர் 4

மழை நிற்கவில்லை. ஆடித் தூறலில் விதைத்துத் தப்பிய கொஞ்சம் கடலையும், பிடுங்கிப் போட்ட இடத்திலேயே முளைத்துவிட்டது. பெய்ய வேண்டிய நாளெல்லாம் சும்மா இருந்துவிட்டு, அறுக்கிற நேரத்தில் வந்து நிற்கிறதே என்று அப்பா வாசலைப் பார்த்துப் பேசுகிறார். கோடையில் சாலையில் காய்ந்து செத்துக் கிடந்த சுருட்டை விரியன்களைப் பார்த்திருக்கிறேன். இன்று வாய்க்காலில் ஒன்று வயிறு மேலே தெரிய மிதந்து போயிற்று.

நவம்பர் 8

சாளை ஒழுகுகிறது. தாழிக்குள் மணல் சேறாகிவிட்டது. போன வாரம் தின்ற எலியைப் பாம்பு அப்படியே கக்கிவிட்டது. உடம்பைத் தொட்டால் கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றுச் செதில்களில் கொப்புளம். சில இடத்தில் உடைந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது.

டீச்சர் அதை நேரில் பார்க்காமலே சொல்லிவிட்டார். "ஈர மணலாக்கும் காரணம். வெயில் இல்லேன்னா நீதான் வெயிலாகணும் மோளே. மணலை உலர்த்திக் கொடு."

எங்கே உலர்த்துவது? வீட்டில் துணியே காயவில்லை.

நவம்பர் 13

அக்கா வழி கண்டுபிடித்துவிட்டாள்! கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் தாழி மணலைக் கழுவிப் போட்டு வறுத்தாள். ஈர விறகு, ஒரே புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளறினாள். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் நான் கொண்டுபோய்த் தாழியில் கொட்டினேன். பாம்பு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அப்புறம் மெதுவாகத் தலையை உள்ளே செருகிக்கொண்டு முழுவதும் மறைந்துபோயிற்று. அக்கா சாளை வாசலிலேயே நின்று பார்த்தாள். அவளுக்கு அதைத் தொடப் பயம்.

அம்மா: "ஊருல கடலை வறுக்க வெறகில்லை. இவளுக பாம்புக்கு மெத்தை வறுக்கறாளுக."

இந்த வருஷம் கல்பாத்தித் தேருக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. எனக்கு வருத்தமில்லை.

நவம்பர் 20

கொப்புளங்கள் வற்ற ஆரம்பித்திருக்கின்றன.

மருதாத்தாள் அத்தை வந்திருந்தார், முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் என்று பேச. அத்தைக்கு நான் படிப்பது பிடிக்கும். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பாம்பு வளக்கறயாமே கண்ணு? காளிச்சாமி சொன்னான்."

நான் எல்லாம் சொன்னேன். பொட்டு வைத்தது, கண் வெளுத்தது, எலியைக் கக்கினது, மழையில் அடிவயிறு வெள்ளையானது.

"வெள்ளையாவா?"

"ஆமாங்க அத்தை. தோல்ல அங்கங்க வெள்ளை வெள்ளையா. இப்பத் தேவலைங்க. அக்காதான் தெனமும் மணல் வறுத்துத் தருது."

"ஆரு, கமலாத்தாளா? பாம்பு படுத்த மணலையா?"

"ஆமாங்க. அதையே கழுவி வறுத்துத் தருது."

அப்போது அக்கா காபி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டும்போது வளையல் முழங்கைப் பக்கம் நகர்ந்தது. அத்தை அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "கீழ வெய்யி கண்ணு" என்றார்.

பிறகு புடவை பற்றிப் பேசவில்லை. மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். மழை வருகிற மாதிரி தெரியவில்லை. காபியில் ஆடை படிந்திருந்தது. ஏன் குடிக்கவில்லை?

நவம்பர் 24

பிச்சைமணி அண்ணன் வந்தார். அத்தை வீட்டுக்கும் எங்களுக்கும் சொந்தம், அவர்தான் இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். திண்டாடித் திண்டாடிப் பேசினார். அப்பாவிடம், "தை வேண்டாங்கறாங்க, பையனுக்குக் கோள் சரியில்லையாமுங்க" என்றார். அப்புறம் புழக்கடையில் அம்மாவிடம் தணிந்த குரலில்: "மண்ணுளி நக்கின ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டாங்களாமுங்க. பாம்புக்கும் வெள்ளை, பொண்ணு கையிலும் வெள்ளையாமா. சின்னப் புள்ளையே தன் வாயால சொல்லிருச்சாம்."

அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி சொன்னே அத்தைகிட்ட? என்ன சொன்னே?"

நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. கேட்டாங்க, சொன்னேன். அக்கா அதைத் தொட்டதே இல்லை. வாசலைத் தாண்டி வந்ததே இல்லை, அவ்வளவு பயம். தேமல் மழைக்கு முன்னாடியே இருந்துது. அத்தை அதையெல்லாம் கேக்கவே இல்லையே — கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கலை? நான் ஏன் கேக்காமலே சொல்லலை?

அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 28

அப்பா அக்காவைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டீச்சர்தான் போகச் சொன்னார். நானும் போனேன்.

டாக்டர் ஒரு பஞ்சுத் திரியை எடுத்தார். "கண்ணை மூடிக்கோம்மா. நான் தொடற இடத்தை மற்ற கையால் காட்டு" என்றார். அக்கா கண்ணை மூடினாள். தேமலின் நடுவில் தொட்டார்; சரியாகக் காட்டினாள். ஓரத்தில் தொட்டார், காட்டினாள். "கூசுதுங்க" என்றாள். டாக்டர் திரியைக் கீழே போட்டார். "குஷ்டமாக இருந்தால் இது தெரியாது. இது வெறும் தேமல். வெண்குஷ்டமும் இல்லை. வேர்வையில் வருவது, களிம்பு போட்டால் இரண்டு மாதத்தில் போய்விடும்." அப்பா கேட்டதும் அதையே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது மூன்று பேரும் சிரித்துப் பேசினோம். அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். இனிச் சரியாகிவிடும்.

டிசம்பர் 2

அப்பா சீட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்வந்தார். சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னதை அம்மா கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினாள்:

"டாக்டரு சீட்ட நெத்தியில ஒட்டிக்கிட்டு ஊரச் சுத்த முடியுமுங்களா அண்ணா? நான் நம்பறனுங்க. ஊரு நம்பாதே. நாளைக்கு என்ற பேரனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா என்ன சொல்லுவாங்க?"

பிறக்காத பேரன்.

டிசம்பர் 5

ஆறு மாதம் முடிந்தது. தலை அதே பக்கம்தான் இருக்கிறது. டீச்சரிடம் சொன்னேன். அதை எழுதி வந்து நாளை கிளாசில் வாசிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அழுதுவிட்டேன். டீச்சர் என் தலையைத் தடவினார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பார்த்தார்கள்.

டிசம்பர் 9

பள்ளி விட்டு வரும்போது வாய்க்கால் வரப்பில் காளிச்சாமி மச்சான் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளில் ஸ்டாண்டு போட்டிருந்தது. எனக்காகத்தான் நின்றார். இரண்டு கொய்யாப்பழம் வைத்திருந்தார்.

"நல்லாப் படிக்கறயா?"

"ம்."

"எங்கம்மா சொல்லுக்கு மேல நான் என்ன பண்றது அம்மிணி."

"தேமலுங்க மச்சான் அது. டாக்டர் தொட்டுப் பார்த்தாரு."

அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். பழத்தை என் கையில் கொடுக்கவில்லை. வரப்பில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். அவருக்கே அது தெரிந்தது என்று நினைக்கிறேன், முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பழத்தை எடுக்கவில்லை.

வீட்டில் அக்கா எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததாக யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். "என்ன புள்ள சொன்னாரு?" என்று கேட்டாள்.

அக்காவிடம் நான் சொன்னது: "உன்னையக் கேட்டாரு அக்கா. அழுதாரு. உனக்குன்னு ரெண்டு கொய்யாப்பழம் குடுத்தாரு, நாந்தான் வழியில தின்னுப்போட்டேன்."

நடந்தது மேலே இருக்கிறது.

அக்கா, "தின்னிப் பண்டாரம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 18

ஒரு வாரமாக நல்ல வெயில். பாம்பு மறுபடி தோல் உரித்திருக்கிறது. கொப்புளம் எல்லாம் பழைய தோலோடு போய்விட்டது. அடிவயிறு சுத்தமாக இருக்கிறது. வெயில் வந்த உடனே அது தன்னைத்தானே சரிபண்ணிக்கொண்டுவிட்டது.

அம்மா அதைக் கொன்றுவிடச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா, "அது என்ன பண்ணுச்சு" என்றாராம். இன்றைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். நான் தாழிப் பக்கம் போனபோது அக்காவும் வந்தாள். வாசலில் நிற்காமல் உள்ளே வந்தாள்.

"எடு, பாக்கலாம்."

எடுத்தேன். அவள் கையை நீட்டினாள், வலது கையை.

"வேண்டாம் அக்கா, ஆராச்சும் பாத்தா—"

"பாத்தா இன்னும் என்ன போயிரும்? குடு."

பாம்பு அவள் உள்ளங்கையில் சுருண்டது. அது தலையைத் தூக்கி, மணிக்கட்டில் நாக்கை நீட்டி நீட்டித் தொட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை விரலால் காட்டினாள். "இங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க." அப்புறம், "கூசுது புள்ள." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் பாம்பை வாங்கிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன்.

வாய்க்காலைத் தாண்டிப் பனைமரத்து மேட்டில், எப்போதும் மணல் காய்ந்து கிடக்கிற இடத்தில் விட்டோம். உள்ளே போகிற வரை அக்கா குனிந்து பார்த்தாள். "எத்தனை சுளுவாப் போயிருச்சு பாரு" என்றாள்.

டிசம்பர் 31

எழுத ஒன்றுமில்லை. தாழியை அம்மா கவிழ்த்து வைத்துவிட்டாள்.

1978 ஜனவரி 17

உடும்பஞ்சோலை மலையிலிருந்து நஞ்சப்பன் என்று ஒருவர் வந்தார். ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறார். மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். சின்னக் குழந்தை ஒன்று இருக்கிறது. எங்கள் சொந்தம்தானாம், தூரத்துச் சொந்தம். அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்.

அப்பா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். பாம்பு, மணல், தேமல், டாக்டர் சீட்டு. அவர் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

"அட, அதையெல்லாம் எங்க ஊருல ஆரும் கேக்கமாட்டாங்க மாமா. மண்ணுளியே அங்க கெடையாது. அந்தக் குளுருக்கும் மழைக்கும் அது தங்காதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அது நல்லபடியாகச் சொன்ன வார்த்தைதான். கதவுக்குப் பின்னால் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனபின் அப்பா, "உனக்குச் சம்மதமா கண்ணு?" என்று கேட்டார். "சரிங்கப்பா" என்றாள். நான் நடுவில், அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெயில் வரும் என்று கேட்டேன். அம்மா என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 4

நாளை முகூர்த்தம். அக்காவின் கைக்கு மருதாணி வைத்தேன். நகப்பாலிஷ் பாட்டில் காலி. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். "பாலிஷுக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன். "அது போனாப் போச்சாது போ" என்றாள்.

வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேமல் எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 6

காலையில் வேனில் போனார்கள். போடி வழியாக மலை ஏற வேண்டுமாம். அக்கா ஜன்னலில் இருந்து ஏதோ சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொன்னாள்?

பிப்ரவரி 19

பனைமரத்து மேட்டுக்குப் போனேன். மணல் சுட்டது. ஒன்றும் வெளியே வரவில்லை. வராதுதான், பகலில்.

மார்ச் 12

அப்பா மலைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு இன்று மாலை திரும்பினார். இங்கே கிணற்றில் மறுபடி கல் தெரிகிறது, அங்கே கோடையிலும் மழையாம். அவர் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"எப்படி இருக்கறா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கறா, நல்லா இருக்கறா."

அம்மாவுக்கு அது போதும். அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டு சோறு எடுத்து வைக்கப் போனாள்.

"அங்க வெயில் வருதுங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"வரும் வரும்."

"துணி காயுதுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கொடியில் போட்டார், மடிப்பை நீவிவிட்டார். அப்புறம் சொன்னார்: "அடுப்புக்கு மேல கவுறு கட்டிப் போட்டிருக்கறா அம்மிணி. இருமல் கொஞ்சம் இருக்குது. அம்மாகிட்டச் சொல்லாதே."

சொல்லவில்லை. அம்மா கேட்டாள், அப்பா என்னிடம் என்ன சொன்னார் என்று. ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசினோம் என்றேன். இப்போது எனக்கு அது சுலபமாக வருகிறது. இங்கே மட்டும்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா படுக்கிற பக்கத்தில் அவளுடைய பாய் சுருட்டி வைத்தபடி இருக்கிறது. நான் இவ்வளவு எழுதியும் யாரும் புரண்டு படுக்கவில்லை. இன்னும் எழுதலாம், கேட்க ஆளில்லை.

இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாகத்தான் போகும். யாரும் சொல்லாமலே லைட்டை அமத்திவிட்டேன்.